குழாயில் தண்ணீர் நூலாக இறங்குகிறதா? பம்பு வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. ஒரு தைப்பூசக் காவடியன்று விடியற்காலை நாலு மணிக்கு வீட்டில் பதினான்கு பேர், ஒரே ஒரு குளியலறை. ஷவரில் தண்ணீர் நூல் மாதிரி இறங்கியது. கடைசியில் ஆயா அடுப்பில் வெந்நீர் போட்டு, வாளியும் செம்புமாக எல்லோரையும் குளிப்பாட்டி அனுப்பினாள். அடுத்த வாரமே ஒரு கடைக்குப் போனேன். "மேட்டு வீடா? பம்பு போட்டால் சரியாகிவிடும்" என்றார்கள். வாங்கி வந்தேன். அந்தப் பம்பு இன்றும் பின்பக்க அவுட்பில்டிங்கில் பெட்டியோடு தூங்குகிறது. கோளாறு மீட்டருக்குப் பக்கத்து ஸ்டாப்காக்கில், அதாவது வீட்டுக்கு வரும் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வில் இருந்தது. அதை மாற்ற ஆன செலவு பம்பு விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

அந்த எரிச்சலில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். டர்பன் பக்கத்து வீடுகளை மனதில் வைத்து எழுதினாலும், தென்னாப்பிரிக்காவில் வேறு ஊர்களில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு

"பிரஷர் இல்லை" என்று நாம் சொல்வதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் கலந்திருக்கின்றன. குழாயை மூடி வைத்திருக்கும்போது உள்ளே தண்ணீர் எவ்வளவு பலமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்பது அழுத்தம். திறந்தபின் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பது ஓட்டம். வழியில் எங்காவது அடைப்பு இருந்தால் அழுத்தம் முழுதாக இருக்கும், ஓட்டம் மட்டும் செத்துவிடும். செடிக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை மிதித்துக்கொண்டு நில்லுங்கள்: காலுக்கு முன்னால் உள்ள பகுதி விறைத்துக்கொண்டு நிற்கும், முனையில் சொட்டும். பம்பு போட்டால் இன்னும் விறைக்கும், அவ்வளவுதான். காலை எடுக்க வேண்டும்.

இங்கே அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் சொல்வது வழக்கம். 100 கிலோபாஸ்கல் என்றால் 1 பார். செங்குத்தாக 10 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல் குறையும். ஆகவே ஒரே தெருவில் பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கும் 20 மீட்டர் மேலே இருக்கும் வீட்டுக்கும் 200 கிலோபாஸ்கல் வித்தியாசம் இருப்பது இயற்கை. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் மாதிரி மேடும் பள்ளமுமான இடங்களில் "கீழ்வீட்டு அக்காவுக்கு மட்டும் எப்படிப் பீய்ச்சி அடிக்கிறது?" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான்.

படி 1: எங்கே, எப்போது, எந்தத் தண்ணீர்

ஸ்பேனரைத் தொடும் முன் வீட்டைச் சுற்றி ஒரு நடை. ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாகத் திறந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: சூடு எப்படி, குளிர்ந்தது எப்படி. கால் மணி நேர வேலை, பாதி நோய் இதிலேயே தெரிந்துவிடும்.

ஒரே ஒரு குழாய் மட்டும் சோர்ந்திருந்தால் கோளாறு அந்தக் குழாயிலோ அதற்குப் போகும் சிறிய வால்விலோதான். எல்லா இடத்திலும் வெந்நீர் மட்டும் மெலிந்திருந்தால் கீசர் பக்கம். குளியலறையில் சூடு, குளிர் இரண்டும் மெலிந்து, தோட்டக் குழாய் மட்டும் ஜோராக வந்தாலும் பெரும்பாலும் கீசர் வால்வுதான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். தோட்டக் குழாய் உட்பட எல்லாமே மெலிவு என்றால் மீட்டர் பக்கம் அல்லது அதற்கும் வெளியே. காலையிலும் மாலையிலும் மட்டும் மெலிந்து, நள்ளிரவில் சரியாக இருந்தால் தெரு முழுக்க ஒரே நேரத்தில் தண்ணீர் இழுக்கிறது என்று பொருள்.

திடீரென்று வந்ததா, வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்ததா என்பதையும் யோசியுங்கள். திடீரென்று என்றால் வால்வு, அடைப்பு, உடைப்பு. மெல்ல என்றால் துரு.

படி 2: அளந்து பாருங்கள்

இரண்டு கருவிகள் போதும். ஒரு வாளி, அப்புறம் தோட்டக் குழாயின் மரையில் திருகக்கூடிய பிரஷர் கேஜ் ஒன்று. ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். பம்பு வாங்கிய பணத்தில் இதைப் பல தடவை வாங்கியிருக்கலாம்.

வாளிக் கணக்கு எளிது. 10 லிட்டர் வாளி 30 வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 20 லிட்டர். தோட்டக் குழாய்க்கு இது நல்ல ஓட்டம். 60 வினாடி ஆனால் 10 லிட்டர். ஒரு ஷவருக்குத் தாராளம், ஆனால் அதே நேரத்தில் அடுக்களையிலும் யாராவது திறந்தால் இழுபறி. 2 நிமிடம் ஆனால் நிச்சயம் எங்கோ கோளாறு.

கேஜைத் தோட்டக் குழாயில் மாட்டி, அந்தக் குழாயை முழுதாகத் திறந்து வையுங்கள். வீட்டுக்குள் வேறு எதுவும் ஓடக் கூடாது. வாஷிங் மெஷினையும் கழிவறைத் தொட்டியையும் மறக்க வேண்டாம். இப்போது தெரியும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு யாரையாவது உள்ளே அனுப்பிக் குளியல் தொட்டிக் குழாயை முழுதாகத் திறக்கச் சொல்லி, முள் எங்கே இறங்கி நிற்கிறது என்று பாருங்கள். இந்த இரண்டாவது எண்தான் முக்கியம்.

மூடியிருக்கும்போது 350, திறந்தபின் 290 என்றால், கேஜ் வரைக்கும் எல்லாம் சுகம். அப்படியும் குளியலறையில் சொட்டுகிறது என்றால் அடைப்பு கேஜைத் தாண்டி, வீட்டுக்குள். 350-இலிருந்து 60-க்கு விழுந்தால் கேஜுக்கு முன்னாலேயே, அதாவது மீட்டர், ஸ்டாப்காக், தெருவிலிருந்து வரும் குழாய் இவற்றில் ஒன்றில் யாரோ "மிதித்துக்கொண்டு" நிற்கிறார்கள். மூடியிருக்கும்போதே 100-தான் காட்டுகிறது என்றால் வரும் தண்ணீரே பலமில்லாதது. எங்கள் வீட்டில் 340-இலிருந்து 50-க்கு விழுந்தது. பம்பு வாங்கிய பிறகுதான் இதைச் செய்தேன் என்பதை மறுபடி நினைவூட்டுகிறேன்.

விடியற்காலை, மாலை ஆறு மணி, இரவு பதினொன்று என்று மூன்று வேளையும் அளந்தால் இன்னும் தெளியும்.

படி 3: வேலிக்கு வெளியே

முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கும் அப்படியே என்றால் உங்கள் வீட்டில் எதையும் கழற்ற வேண்டாம்; நகராட்சியின் கோளாறு எண்ணில் பதிந்து, குறிப்பு எண்ணை வாங்கி வையுங்கள்.

மேட்டுப் பகுதிகளில் தண்ணீரை நீர்த்தேக்கத் தொட்டிக்கு ஏற்றுவது மின்சாரப் பம்பு. லோட் ஷெட்டிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும்) நாட்களில் மின்சாரம் வந்தபிறகும் பல மணி நேரம் குழாய் இருமிக்கொண்டிருந்தது இதனால்தான்: தொட்டி மறுபடி நிறைய வேண்டும், குழாய்களில் புகுந்த காற்று வெளியேற வேண்டும். ஏப்ரல் 2022 வெள்ளத்தில் டொங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையமே அடிபட்டு, அங்குள்ள நம் ஆட்கள் மாதக்கணக்கில் டேங்கர் லாரிக்குக் காத்திருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் எந்த ஸ்பேனரும் உதவாது.

சில இடங்களில் அழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்து வைப்பதும் உண்டு. அழுத்தம் குறைந்தால் நிலத்தடிக் குழாய்களில் கசிவும் குறையும், உடைப்பும் குறையும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வைத்த 2018 வறட்சியில் கேப் டவுன் நகராட்சி தண்ணீரை மிச்சப்படுத்திய வழிகளில் இதுவும் ஒன்று. பாக்கி வைத்த வீடுகளின் மீட்டரில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு தகடு வைப்பதும் நம் நாட்டில் நடப்பதுதான். புதிதாக வாங்கிய வீடாக இருந்தால், பழைய உரிமையாளரின் பாக்கிக்காக அது இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். நீங்களே பிடுங்க வேண்டாம். மீட்டரும் அதற்கு முன்னால் உள்ளதும் நகராட்சியின் சொத்து.

படி 4: ஸ்டாப்காக்

மீட்டர் பக்கத்தில் ஒன்று, வீட்டுச் சுவரோரம் ஒன்று என்று பெரும்பாலும் இரண்டு இருக்கும். யாரோ எப்போதோ வேலை செய்துவிட்டுப் பாதி திறந்தபடி போயிருப்பார்கள். முழுதாகத் திறந்திருக்கிறதா பாருங்கள். கைப்பிடி வட்டமாக இருந்தால் இடப்புறம் கடைசி வரை சுற்றி, பிறகு கால் சுற்று திரும்பி வையுங்கள். அப்போதுதான் பின்னால் இறுகிப் போகாது.

பழைய கேட் வால்வில் ஒரு சூது உண்டு. வெளியே கைப்பிடி சுற்றும், உள்ளே தண்டிலிருந்து கழன்ற பித்தளைக் கதவு பாதி வழியில் தொங்கிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். எவ்வளவு சுற்றினாலும் இறுக்கமே தெரியாமல் வழவழவென்று சுற்றினாலோ, முழுதாக மூடியும் தண்ணீர் நிற்காவிட்டாலோ அதைச் சந்தேகப்படுங்கள். மாற்றும்போது பால் வால்வு (உள்ளே துளையிட்ட உருண்டை திரும்பி வழிவிடும் வகை) போடுங்கள். குழாயின் முழு அகலத்துக்கும் வழிவிடும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். மலிவானவற்றில் உள்துளை சிறிதாக இருக்கும்.

அறுபதுகளில் கட்டிய வீட்டில் துருப்பிடித்த ஸ்டாப்காக்கைப் பெரிய ஸ்பேனரால் திருக வேண்டாம். குழாயே முறிந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முற்றம் குளமாகும். மீட்டர் பக்கத்து வால்வு மூடுகிறதா என்று சோதித்துவிட்டுத்தான் இதில் கை வைக்க வேண்டும்.

படி 5: குழாய் முனையும் ஷவர் தலையும்

இது சின்ன வேலை. முனையில் இருக்கும் வலையைத் திருகிக் கழற்றி, தட்டிக் கழுவி மாட்டுங்கள். டர்பன் பக்கத்தில் சுண்ணாம்புப் படிவைவிடத் துருத்தூளும் மணலும்தான் அதிகம் அகப்படும், குறிப்பாகத் தண்ணீர் நின்று மறுபடி வந்த மறுநாள். ஷவர் தலையை ஓர் இரவு வினிகரில் ஊறப் போட்டுப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். வலையைக் கழற்றியதும் தண்ணீர் கொட்டுகிறது என்றால் கதை முடிந்தது.

கொட்டவில்லை என்றால் பேசினுக்குக் கீழே குனிந்து சிறிய வால்வைப் பாருங்கள், முழுதாகத் திறந்திருக்கிறதா என்று. அதிலிருந்து மேலே போகும் பின்னல் போட்ட வளையும் குழாய் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ரப்பர் நைந்து வழியை அடைத்திருக்கலாம். அதன் ஒரு முனையைக் கழற்றி வாளிக்குள் பிடித்து வால்வைத் திறந்தால் தெரிந்துவிடும்.

படி 6: கீசர்

நம் வீடுகளில் அதிகம் தவறாகக் கணிக்கப்படுவது இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கீசருக்குப் போகும் குளிர்நீர்க் குழாயில் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு ஒன்று இருக்கும். தெருவிலிருந்து எவ்வளவு வந்தாலும் கீசர் தாங்கும் அளவுக்கு, இப்போதைய கீசர்களில் பெரும்பாலும் 400 கிலோபாஸ்கலுக்கு, அதைக் குறைத்து அனுப்புவது இதன் வேலை. கலவைக் குழாயில் சூடும் குளிரும் சமபலத்தில் வர வேண்டும் என்பதற்காகக் குளியலறைக் குளிர்நீரையும் இதே வால்வுக்குப் பின்னாலிருந்து எடுப்பது நல்ல பிளம்பர்களின் வழக்கம். அதனால்தான் வால்வு அடைத்துக்கொண்டால் குளியலறையில் இரண்டுமே மெலிகின்றன, தோட்டக் குழாய்க்கு ஒன்றும் ஆவதில்லை.

வால்வுக்குள் ஒரு சல்லடை இருக்கிறது. தெருக்குழாய் உடைந்து சரிசெய்தபின் வரும் கலங்கல் நேராகப் போய் அதில்தான் படியும். சுத்தம் செய்யும் முறை இது. முதலில் டிபி போர்டில் (வீட்டின் மின்சார சுவிட்சுப் பெட்டியில்) கீசர் சுவிட்சை அணையுங்கள். பிறகு மெயின் ஸ்டாப்காக்கை மூடுங்கள். வெந்நீர்க் குழாய் ஒன்றைத் திறந்து உள்ளழுத்தம் இறங்கும்வரை விடுங்கள். வால்வின் மூடியைத் திருகிச் சல்லடையை எடுத்து, ஓடும் நீரில் கழுவி, வந்த வரிசையிலேயே மாட்டுங்கள். ஸ்டாப்காக்கை மெதுவாகத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று போய்த் தண்ணீர் சீராக வந்த பிறகே மின்சாரம். கீசர் காலியாக இருக்கும்போது சுவிட்சைப் போட்டால் எலிமென்ட் போய்விடும்.

கழுவியும் சரியாகவில்லை என்றால் வால்வின் உள்பகுதியை மாற்ற வேண்டியிருக்கும். இங்கே ஓர் ஆபத்தான ஆசை வரும்: "400-க்குப் பதில் 600 போட்டால் நன்றாக அடிக்குமே!" கூடாது. கீசரின் தகட்டில் என்ன எண் எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் வால்வு. பழைய கீசர்களில் 100 என்று எழுதியவையும் உண்டு. அந்த வீட்டில் ஷவர் மெலிவாக இருப்பது கோளாறே இல்லை, கீசரின் குணம். அதற்குத் தீர்வு கீசரையும் அதன் வால்வுகளையும் சேர்த்து மாற்றுவதுதான். பாதுகாப்பு வால்விலிருந்து வெளியே சொட்டும் குழாயை யாரும் அடைக்கக் கூடாது. அடைத்தால் கூரைக்குள் இருப்பது கீசரல்ல, வெடிகுண்டு.

கீசர் வேலைக்குப் பிஐஆர்பி (பிளம்பர்களைப் பதிவு செய்யும் தென்னாப்பிரிக்க வாரியம்) பதிவுள்ள பிளம்பரைக் கூப்பிட்டு, வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழை வாங்கி வையுங்கள். நாளைக்குக் கூரை நனைந்து காப்பீட்டுக்குப் போனால் முதலில் கேட்கும் காகிதம் அது.

படி 7: கசிவு

வீட்டில் எல்லாவற்றையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சிறிய சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. மெல்லிய கசிவென்றால், இரவு படுக்கும்போது எண்ணைக் குறித்து விடிந்ததும் ஒப்பிடுங்கள். பிறகு வீட்டு ஸ்டாப்காக்கை மூடிப் பாருங்கள். சக்கரம் நின்றால் கசிவு வீட்டுக்குள். நிற்காவிட்டால் மீட்டருக்கும் ஸ்டாப்காக்குக்கும் நடுவில், மண்ணுக்கடியில். மழையில்லாத மாதத்திலும் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக இருக்கிறதா?

கழிவறைத் தொட்டியில் பிரியாணிக்குப் போடும் கலர்ப்பொடியைக் கொஞ்சம் கரைத்துவிட்டு அரை மணி நேரம் தண்ணீர் விடாமல் இருங்கள். கீழே கிண்ணத்தில் மஞ்சள் தெரிந்தால் ரப்பர் போய்விட்டது. சொட்டும் கழிவறையால் ஷவர் மெலியாது, பில்தான் ஏறும். ஷவரை மெலிய வைக்கும் அளவு கசிவு பெரியதாக இருக்கும், ராத்திரி அமைதியில் சுவரில் காது வைத்தால் சீறல் கேட்கும்.

படி 8: பழைய இரும்புக் குழாய்

சாட்ஸ்வொர்த்தில் குரூப் ஏரியாஸ் (இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த சட்டம்) காலத்தில் கட்டிக்கொடுத்த வீடுகள் பலவற்றில் அன்று போட்ட கால்வனைஸ் இரும்புக் குழாய் சுவருக்குள் இன்னும் இருக்கிறது. வெளிப்பூச்சைப் பார்த்து ஏமாற வேண்டாம். உள்ளே துரு கட்டிகட்டியாக வளர்ந்து வழியை நெருக்கிக்கொண்டே வரும். குழாயின் உள்விட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் ஓட்டம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். விட்டமே பாதியானால் ஓட்டம் ஆறில் ஒரு பங்குதான். துருவின் சொரசொரப்பு இதற்கு மேல்.

அடையாளங்கள்: காலையில் முதலில் திறக்கும் தண்ணீர் தேநீர் நிறம், வருடா வருடம் மெலிவு, ஒரு குழாயைத் திறந்தால் இன்னொன்று செத்துப்போவது. மூடிய அழுத்தம் நன்றாக இருக்கும், திறந்ததும் சரியும். படி 4 முதல் 7 வரை எல்லாம் சரி, அப்படியும் இப்படி என்றால் ஒரு துண்டை வெட்டிப் பார்ப்பதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மருந்து ஊற்றிக் கரைப்பதாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. துருவைக் கரைத்தால் ஓட்டைதான் மிஞ்சும். குழாயை மாற்றுவதே வழி. முழு வீட்டுக்கும் பணமில்லை என்றால் மீட்டரிலிருந்து வீடு வரும் நீளமான குழாயை முதலில் மாற்றுங்கள். எல்லாக் குழாய்க்கும் தண்ணீர் அதன் வழியாகத்தான் வருகிறது. துண்டு துண்டாக மாற்றும்போது செம்புக் குழாய் முன்னால், இரும்புக் குழாய் பின்னால் என்று தண்ணீர் ஓடும்படி வைக்க வேண்டாம். செம்பைத் தொட்டுவரும் தண்ணீர் இரும்பை வேகமாகத் தின்னும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பழைய வீடுகளில் மின்சாரத்தின் எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயோடு இணைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டால் எர்த் அறுந்துபோகும். எலக்ட்ரிஷியன் ஒருவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 9: அப்புறம்தான் பம்பு

மேலே எல்லாம் பார்த்தாகிவிட்டது, மூடிய அழுத்தமே நாள் முழுக்க 100-ஐத் தாண்டவில்லை, பக்கத்து வீட்டிலும் அதே கதை. சரி, இப்போது பம்புக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் தெருக்குழாயில் நேரடியாகப் பம்பை மாட்ட வேண்டாம். அது அக்கம்பக்கத்தார் தண்ணீரை உறிஞ்சும். அதைவிட மோசமாக, தெருக்குழாயில் உள்ள விரிசல்கள் வழியே வெளியிலிருக்கும் அழுக்கு நீரையும் உள்ளே இழுக்கும். தெருத்தண்ணீர் முதலில் தொட்டிக்குள் விழ வேண்டும், அதுவும் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே காற்று இடைவெளி விட்டு. தொட்டியிலிருந்து பம்பு, பம்பிலிருந்து வீடு. திரும்பி வராமல் ஒருவழி வால்வு.

ஜோஜோ தொட்டி (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) ஒன்றை மேடையில் ஏற்றி வைத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு: தண்ணீர் மட்டம் ஷவருக்கு மேல் 2 மீட்டர் இருந்தால் 20 கிலோபாஸ்கல்தான் கிடைக்கும். வாளி நிறையும், ஷவர் அடிக்காது. பம்பைத் தேர்ந்தெடுக்கும்போது கீசரின் எண்ணை மறுபடி பாருங்கள். பம்பின் உச்ச அழுத்தம் அதைத் தாண்டினால் கட்டுப்பாட்டு வால்வு பம்புக்குப் பின்னால், கீசருக்கு முன்னால் இருந்தே ஆக வேண்டும். தொட்டி காலியானால் தானாக நிற்கும் வசதியும் வேண்டும்.

ஏற்கெனவே பம்பு இருந்து, அது நொடிக்கொரு தரம் போட்டு அணைந்துகொண்டிருந்தால் அழுத்தக் கலத்தில் (பம்போடு இணைந்த, காற்றடைத்த சிறு தொட்டியில்) காற்று இறங்கியிருக்கும். பம்பை அணைத்து, குழாயைத் திறந்து தண்ணீரை வடித்தபின் கார் டயர் கேஜால் அளந்து, பம்பு தொடங்கும் அழுத்தத்தைவிட ஏறக்குறைய 15 கிலோபாஸ்கல் குறைவாகக் காற்றை நிரப்புங்கள். யாரும் குழாயைத் திறக்காத ராத்திரியிலும் பம்பு உறுமினால் படி 7-க்குத் திரும்புங்கள்.

எந்தப் படியில் சரியானாலும், அன்றே கேஜை மாட்டி இரண்டு எண்களையும் தேதியோடு எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் டிபி போர்டு மூடியின் உட்பக்கம் பென்சிலில் இருக்கிறது: மூடி 340, திறந்து 285. போன காவடிக்கு முந்தின வாரம் அளந்தபோது 280. பதினாறு பேர் குளித்தார்கள். ஆயா மட்டும் வழக்கம்போல் வாளியில்.